நாற்பத்திரண்டு நாள் காய்ச்சல் நோட்டு

ஜூலை 17, வியாழன்

நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை. மளிகைச் சீட்டைத் தவிரக் கையால் எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. இன்று காலை வந்த ஒரு மின்னஞ்சல் எழுத வைத்துவிட்டது.

இந்த மாதம் முதல் வாரம் போய்த் தங்கினோமே, அந்தத் தேசியப் பூங்காவிலிருந்து வந்திருக்கிறது. டென்ட் வரிசையில் தங்கிய இரண்டு பேருக்கு எலியால் வருகிற ஒரு காய்ச்சல் வந்து, ஒருவர் இறந்துவிட்டாராம். ஹாண்டா வைரஸ் என்று பெயர். காய்ந்த எலிப்புழுக்கையின் தூசி மூச்சில் போனால் வருமாம். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. தடுப்பூசி கிடையாது, இதற்கென்று மருந்தும் கிடையாது. அங்கிருந்து கிளம்பிய நாளிலிருந்து ஆறு வாரம் வரைக்கும் என்றைக்கு வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். தொடங்கியதுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிழைக்க வழி உண்டு. அதனால் தினமும் காய்ச்சல் பார்த்துக் குறித்து வையுங்கள் என்று போட்டிருக்கிறது.

நாங்கள் போனது நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள் இலக்கியா, என் தங்கை மலர். மலருக்கு இது ஆறாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கியிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் அருள்மணிக்கு டல்லாஸில் வேலை. அம்மா இல்லாத குறைக்குத்தான் என்னிடம் வந்து இருக்கிறாள்.

ஜூலை 6-ம் தேதி கிளம்பினோம். ஆறு வாரம் என்றால் ஆகஸ்ட் 17. பதினொரு நாள் போய்விட்டது. இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது.

மலர் 98.4. இலக்கியா 98.4. இவர் 98.0.

ஜூலை 18, வெள்ளி

மலர் 98.2. இலக்கியா 98.6. இவர் 97.9.

பத்து மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸம்மா கூப்பிட்டார். பொறுமையான குரல். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மலர் எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். எந்த நம்பர் டென்ட், எத்தனை ராத்திரி, யாருக்காவது உடம்பு வலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எலியைப் பார்த்தீர்களா? இல்லை. புழுக்கை ஏதாவது? இல்லை. டென்டை நீங்களே கூட்டிப் பெருக்கினீர்களா? டென்ட் சுத்தமாக இருந்தது என்றேன்.

சுத்தமாகத்தான் இருந்தது. நாங்கள் படுத்த இரண்டு ராத்திரியும் உள்ளே ஒரு தூசி தும்பு கிடையாது.

"அப்படியானால் குறைந்த ஆபத்து என்று பதிந்துகொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"லோ ரிஸ்க்னா நல்லதுதானக்கா?" என்றாள் மலர்.

"நல்லதுதான்டி. இன்னொண்ணு ஊத்தவா?"

ஊற்றினேன். அது கருகிவிட்டது. அதற்கடுத்ததும் கருகிவிட்டது.

ஜூலை 19, சனி

எல்லாருக்கும் நார்மல்.

அந்த டென்ட் யாருடைய யோசனை என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. "ஓட்டல்ல ரூம் போடுவோம்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் இவர். சொன்னார்தான். ஒத்தைக்காலில் நின்று டென்டுக்குப் பதிந்தது நான். இலக்கியா வகுப்பில் யாரோ போட்டோ காட்டியிருக்கிறார்கள். மலரும், "டென்ட்ல நான் படுத்ததே இல்லக்கா" என்று ஆசைப்பட்டாள். கூடாரம் அடிக்கிற தொல்லையெல்லாம் கிடையாது, எல்லாம் அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை, அதன்மேல் சட்டம் கட்டி வெள்ளைக் கேன்வாஸ், உள்ளே நாலு இரும்புக் கட்டில், கம்பளி, ஒற்றை பல்பு, பூட்டுப் போட்ட மரக்கதவு. இதே மாதிரி நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். பாத்ரூம் போய்விட்டு வந்தால் நம்பரைப் பார்த்துத்தான் நம்முடையதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வாசனையுள்ள எதையும் உள்ளே வைக்கக்கூடாது, கரடி வந்துவிடும். வெளியே ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. பருப்புப்பொடி, ஊறுகாய், தேங்காய் எண்ணெய், பற்பசை, மலரின் மாத்திரை டப்பா வரைக்கும் அதில் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கரடிக்கு அப்படிப் பயந்தோம். எலியை யார் நினைத்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

மலர் மதியம் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு. போனில் தேடிப் பார்த்தேன், பதினெட்டு சரிதானாம்.

ஜூலை 21, திங்கள்

இன்னும் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன். ஒன்று தப்பாகக் காட்டினால் மற்றது காட்டிக்கொடுக்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் பார்க்கிறேன்.

இவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸ் ரிஜிஸ்டர் கெட்டுது போ" என்றார். அப்புறம், "மூணு பேர்தான் இருக்கு. உன் பேர் எங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

ஜூலை 23, புதன்

இலக்கியா பள்ளிக்கூடப் பையைத் தேடி எடுக்கிறேன் என்று கராஜுக்குள் போய் நாலு தும்மல் தும்மினாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு, மின்னஞ்சலில் சொன்ன மாதிரியே பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். கூட்டவே கூடாதாம். கூட்டினால்தான் தூசி கிளம்பி மூச்சில் போகுமாம்.

"நம்ம வீட்ல எலியே இல்லையே ஜோதி" என்றார் இவர். நான் அடுத்த மூலையைத் துடைக்கப் போனேன்.

மலர் 98.3. இலக்கியா 98.5. இவர் 98.1.

ஜூலை 25, வெள்ளி

எழுதியாக வேண்டும். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

டென்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஐந்து மணி நேர ஓட்டம், கடைசி ஒரு மணி நேரம் முழுக்க வளைவு. மலர் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். டென்டுக்குள் நுழைந்ததும் ஓரத்துக் கட்டிலில் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள். இவரும் இலக்கியாவும் இன்னொரு கம்பளி கேட்க ஆபீசுக்குப் போனார்கள். பையைத் தள்ளி வைக்கலாம் என்று மலரின் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஒரு கைப்பிடி கருஞ்சீரகம் சிந்தின மாதிரி கிடந்தது.

அருப்புக்கோட்டையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். எலிப்புழுக்கை எனக்குத் தெரியாதா?

மணி ஐந்தே முக்கால். அங்கே இருட்ட எட்டரை ஆகும், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனால் எனக்கு ஆறு மணி என்றால் விளக்கு வைக்கிற நேரம். அதற்குப் பிறகு விளக்குமாற்றைத் தொட மாட்டேன், அதுவும் வெள்ளிக்கிழமை. எந்த நாட்டில் இருந்தாலும் இது மாறியதில்லை. பக்கத்து டென்டின் படியில் ஒரு விளக்குமாறு சாய்த்து வைத்திருந்தது. எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு கூட்டினேன். கட்டிலுக்கு அடியில், பலகை இடுக்கில், மூலையில் எல்லாம் விடாமல் கூட்டினேன். தூசி எழும்பி பல்பு வெளிச்சத்தில் மிதந்தது. மலர் தூக்கத்திலேயே இரண்டு தடவை இருமினாள்.

இவர் திரும்பி வந்து, "பரவால்லையே, நீட்டாத்தான் வச்சிருக்கான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல் சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது? முன்கூட்டிப் போட்டுக்கொள்ள ஊசி இல்லை. சொன்னால் மலர் தூங்க மாட்டாள், சாப்பிட மாட்டாள். வயிற்றில் இருப்பதற்கு அது ஆகாது. அவளுக்கும் சேர்த்து நான் பயந்துகொள்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டது நெஞ்சில் குத்துகிறது.

டென்ட் கதவின் உட்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஆறு விதிகள். ஐந்து கரடிக்கு. ஆறாவது, எலி நடமாட்டம் தெரிந்தால் நீங்களே கூட்ட வேண்டாம், ஆபீசில் சொல்லுங்கள் என்பது. நான் அதைப் படித்தேன். கதவைச் சாத்தினபோது என் மூக்குக்கு நேராக இருந்தது. விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

ஆபீசில் சொன்னால் வேறு டென்ட் இருக்காது, விடுமுறைக் கூட்டம். மலரை மறுபடி அந்த வளைவுகளில் கூட்டிப்போக வேண்டும். இவர், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பார். மணியோ ஆறாகப்போகிறது. தூசி என்றாலே இவர்களுக்குப் பயம் என்று மனதுக்குள் இளக்காரமாக நினைத்ததும் உண்மை.

நாளைக்கு அந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

மலர் 98.9. வெயிலாக இருக்கும்.

நர்ஸம்மாவைக் கூப்பிடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மலர் 100.8. இரண்டாவது தெர்மாமீட்டரில் 100.9. மூன்றாவதை எடுக்கவில்லை.

"இடுப்பெல்லாம் வலிக்குதுக்கா" என்றாள். இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே காரை எடுத்தார். இலக்கியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வழி முழுக்க மலர் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை சுட்டது.

டாக்டர் சின்ன வயசு. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "சுகாதார அலுவலகக் குறிப்பில் குறைந்த ஆபத்து என்று இருக்கிறது. மூச்சும் நன்றாக இருக்கிறது. சிறுநீர்த் தொற்றாக இருக்கும், கர்ப்பத்தில் சகஜம். மாத்திரை தருகிறேன், வீட்டுக்குப் போய்க் கவனியுங்கள்" என்றார். மலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள்.

"டாக்டர், நான் கூட்டினேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். எலிப்புழுக்கை கிடந்தது, நான் கூட்டினேன். எவ்வளவு இருந்தது என்று கேட்டார். ஒரு கைப்பிடி. காய்ந்திருந்ததா? ஆமாம். மலர் அப்போது எங்கே இருந்தாள்? அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். கதவு திறந்திருந்ததா?

"சாத்தியிருந்தேன்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் மலரைப் படுக்கையில் போட்டு, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, ரத்தம் எடுத்துவிட்டார்கள். அந்தக் காய்ச்சலுக்கான பரிசோதனை வேறு ஊருக்குப் போகிறது, முடிவு வர மூன்று நாள். ஒரு நர்ஸ் என் வாயிலும் தெர்மாமீட்டரை வைத்தாள். 98.6. இந்த நோட்டு போட்டதிலிருந்து என் காய்ச்சலை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

இவர் வராந்தாவுக்குப் போய் நின்றார். பின்னாலேயே போனேன். "என்ன ஜோதி இது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 30, புதன்

அருள்மணி முதல் விமானத்தில் வந்துவிட்டார். "வாங்க அண்ணி, உக்காருங்க" என்று அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

மலர் 101.2. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

ஜூலை 31, வியாழன்

ஆக்ஸிஜன் 97. 96. 97. 95. மறுபடி 97.

அந்த 95-க்கும் 97-க்கும் நடுவில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இல்லை. ஹாண்டா இல்லை. டாக்டர் முதலில் சொன்ன சிறுநீர்த் தொற்றுதான். ஊசிக்குக் கேட்டுவிட்டது, காய்ச்சல் 99-க்கு இறங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

டாக்டர் ஒன்று சொன்னார். இந்த முடிவு இந்தக் காய்ச்சலுக்குத்தான். பதினேழாம் தேதி வரை புதிதாக ஒன்று வரலாம். ஒரு நாள்கூட விடாமல் பார்க்க வேண்டும்.

ஆண்கள் இரண்டு பேரும் பில் விஷயமாகக் கீழே போனபோது மலர் என் பக்கம் திரும்பினாள்.

"நீ கூட்டுனதுக்கு எனக்குக் கோபம் இல்லக்கா. நீ எங்க போனாலும் கூட்டுவ. அது எனக்குத் தெரியாதா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அந்த நர்ஸம்மா கேட்டப்போ நான் எதுக்கதான உக்காந்திருந்தேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இல்லன்னு சொன்னியே."

"நீ பயந்துருவன்னுதான்டி."

"எட்டு வருஷமா எல்லாரும் அப்படித்தான்க்கா. யாரு வீட்ல வளைகாப்புன்னாலும் எங்கிட்ட மறைப்பாங்க. குழந்தை பொறந்தா மூணு மாசம் கழிச்சு யாரோ சொல்லித் தெரியும். மலரு வருத்தப்படுவாளாம். நீ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. இன்னாருக்குப் பிறந்திருக்கு, வா போயிப் பாத்துட்டு வருவோம்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவ. இப்ப நீயும் அவுங்க கூடச் சேந்துட்ட."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அருள்மணி மலரை டல்லாஸுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஏழாம் மாதம் இங்கேதான் வளைகாப்பு என்று பேசி வைத்திருந்தோம். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "பதினேழாம் தேதி வரைக்கும் நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்றார். மலர் இலக்கியாவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். என்னிடம், "போயிட்டு வாரேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுகாதார அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். அதே நர்ஸம்மா. பொய் சொன்னேன் என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தேன், கோபப்படவில்லை. "உங்களுக்கு அப்புறம் அந்த டென்டில் மூன்று குடும்பம் தங்கியிருக்கிறது. அவர்களையும் கூப்பிட்டு இன்னும் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டும்" என்றார். அந்த மூன்று குடும்பம் என் புத்தியில் ஏறவே இல்லை இத்தனை நாளும்.

இலக்கியாவிடமும் சொன்னேன். "அப்ப எனக்கும் வருமாம்மா?" என்று கேட்டாள். வராது என்று வாய்க்கு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "தெரியலடா, தினமும் பாப்போம்" என்றேன். தலையாட்டிவிட்டு அவளாகவே போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நோட்டில் மலர் இருந்த இடத்தில் இவர் தன் கையெழுத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்.

ஜோதி 98.4. இலக்கியா 98.5. இவர் 98.0.

மலர் தெரியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மலர் தெரியாது. அருள்மணிக்குக் கூப்பிடலாம். அவர் மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலை எட்டேகாலுக்குப் போனில் ஒரு செய்தி. மலரிடமிருந்து.

98.3

வேறு ஒரு எழுத்து இல்லை. என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். மன்னிச்சிரு என்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் 98.4 என்று என்னுடையதை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

98.4. இந்தப் பக்கம் 98.3.

ஆகஸ்ட் 13, புதன்

எட்டேகாலுக்கு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பதினொன்று இருபதுக்கு வந்தது. 98.6. தூங்கிட்டேன்.

தூங்கிட்டேன் என்ற ஒரு வார்த்தையை இலக்கியாவிடம் காட்டினேன். "சித்தி பேசிட்டாங்களா?" என்றாள். பேசவில்லை, எழுதியிருக்கிறாள் என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

மலர் 98.2. ஜோதி 98.4. இலக்கியா 98.4. இவர் 98.1.

நாற்பத்தொன்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாற்பத்திரண்டாம் நாள். காலையில் எழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம். எல்லாருக்கும் நார்மல். நர்ஸம்மாவும் கூப்பிட்டார். மற்ற மூன்று குடும்பத்துக்கும் இதுவரை ஒன்றும் இல்லையாம், அவர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எங்களுடையதை முடித்துக்கொள்ளலாம், இனிப் பார்க்கத் தேவையில்லை என்றார்.

எட்டேகாலுக்கு மலருடையது வந்தது. 98.1.

எழுதிக்கொண்டேன். இதோடு முடிந்தது. இனி அவள் எனக்கு எதையும் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். போனை வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன், காய்ச்ச முடியவில்லை, திரும்பி வந்து போனை எடுத்தேன். அதற்குள் இன்னொன்று வந்திருந்தது.

நாளைக்கும் அனுப்பவாக்கா?

அனுப்புடி என்று எழுதினேன்.